வெயில் இறங்கிய பிறகுதான் வேலை: செட்டிநாட்டு வீடுகளில் இலை, காய், கனிகளை உலர்த்திச் சேமிக்கும் முறை

செட்டிநாட்டில் வற்றல் போடுகிறவர்களுக்கு வெயிலில் குறையே கிடையாது. மாசி பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து மொட்டைமாடிகளில் விழுகிற வெயில் எந்தக் காயையும் உலர்த்தப் போதுமானது. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையிலான கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அப்படியிருந்தும் ஆடி மாதத்தில் ஜாடியைத் திறக்கும்போது பூசணமோ புழுவோ கண்ணில் படுகிறது என்றால், காயை மாலையில் எப்போது எடுத்தோம், இரவில் எங்கே வைத்தோம், சூடு ஆறுவதற்குமுன் மூடிவிட்டோமா என்பவற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஆகவே இந்தக் குறிப்புகளில் பரப்புவதைப் பற்றி எழுதியிருப்பதைப் போலவே எடுப்பதையும் மூடுவதையும் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பகுதி வானம் பார்த்த பூமி. ஊருணியில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் கொல்லையில் காய் குவிவதும், கோடையின் கடைசியில் கீரைக்குக்கூடத் திண்டாடுவதும் இங்கே பழகிப்போன செய்திகள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போய், ‘கணக்கு’ என்று சொல்லப்பட்ட ஒரு தவணைக்கு மூன்றாண்டு என்று தங்கிய காலத்தில், வீட்டில் இருந்த ஆச்சிமார் பருவத்துக்குப் பருவம் வற்றலும் வடகமும் ஊறுகாயும் போட்டுச் சேர்த்தது ருசிக்காக மட்டுமன்று. பெரிய குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் குழம்பு வைக்க அதுதான் வழி. இன்று நாலைந்து தொட்டிகளும் ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு முருங்கையும் வைத்திருப்பவருக்கும் அதே முறைகள் அளவு குறைந்து பொருந்தும்.

நீர் எவ்வளவு, எப்படி வெளியேறுகிறது

கத்தரிக்காயில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு நீர். மாங்காயில் 87, சீனி அவரைக்காயில் (கொத்தவரங்காயில்) 81, முருங்கைக்கீரையில் 76, கறிவேப்பிலையில் 64 பங்கு அளவில் இருக்கிறது. காய்கறி வற்றலில் இது 10 பங்குக்குக் கீழே இறங்கினால் பூசணத்துக்கும் நுண்ணுயிர்களுக்கும் பிழைக்க வழியில்லை. பழங்களில் இயற்கையான சர்க்கரையே நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 20 பங்கு ஈரம் இருந்தாலும் கெடுவதில்லை. அதனால்தான் உலர்ந்த பழம் வளைந்துகொடுக்கிறது, நன்றாகக் காய்ந்த கத்தரி வற்றல் ஒடிகிறது.

நீர் வெளியேறுவதற்குச் சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேல்பரப்பில் உள்ள நீர் ஆவியாகிப் போனபின் உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து வர வேண்டும். முதல் நாளிலேயே கடும் சூட்டில் வைத்தால் தோல் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். வெளியே கலகலவென்று சத்தமிடும் வற்றல் உள்ளே பிசுபிசுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். மின்சார உலர்த்தியில் காய்களை 55 முதல் 60 டிகிரியிலும், இலைகளை 35 முதல் 45 டிகிரியிலும் வைக்கச் சொல்வதன் நியாயமும் இதுதான். கண்ணாடி மூடிய சூரிய உலர்த்திப் பெட்டி வைத்திருப்பவர்கள், அடியிலும் மேலும் உள்ள காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஏறட்டும் என்று அடைத்தால் காய் வேகுமே தவிர உலராது.

இடமும் துணியும்

மொட்டைமாடித் தளத்தின்மேல் நேரடியாகப் பரப்பக் கூடாது. ஓலைப்பாயை விரித்து, அதன்மேல் துவைத்துக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டியை இரட்டையாகப் போட்டுப் பரப்புவது இங்கே நெடுநாள் வழக்கம். அது நல்ல வழக்கமே. அதைவிடச் சிறந்தது கயிற்றுக் கட்டில். அடியிலிருந்தும் காற்று வருவதால் அரை நாளாவது மிச்சமாகும், எறும்பும் எளிதில் ஏறாது. கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவிட்டால் அறவே ஏறாது. சாயம் போகும் சேலைகள், அச்சுப் போட்ட செய்தித்தாள், துத்தநாகம் பூசிய கம்பிவலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புளிப்பும் உப்பும் உள்ள மாங்காய், எலுமிச்சை, மோர் மிளகாய் முதலியவற்றை அலுமினியத் தட்டிலும் வெள்ளீயம் பூசாத பித்தளைத் தாம்பாளத்திலும் வைக்கலாகாது. எவர்சில்வர் தட்டுக்குக் குறையில்லை. ஓரம் பெயர்ந்த மங்குத் தட்டு (எனாமல் பூசிய தட்டு) வேண்டாம். பெயர்ந்த இடத்தில் இரும்பு வெளிப்பட்டு, உப்புப் பட்டதும் துருப்பிடிக்கும்.

மேலே மெல்லிய வலைத்துணி ஒன்று அவசியம். காக்கைக்கும் அணிலுக்கும் மட்டுமல்லாமல் ஈக்கும் அந்துப்பூச்சிக்கும் அதுதான் காவல், ஏனென்றால் பின்னாளில் ஜாடிக்குள் நெளியும் புழுவின் முட்டை பெரும்பாலும் மாடியில்தான் இடப்படுகிறது. ஆனி, ஆடியில் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அப்போது வற்றல் போட்டே ஆகவேண்டுமென்றால் வலைக்குப் பதிலாக மெல்லிய மல் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். உலர்வது தாமதமாகும், ஆனால் மண் கடிபடாது.

இலைகளுக்கு நிழல்

இலைகளை வெயிலில் காயவைக்கவே கூடாது. நேர் வெயிலில் பச்சை நிறமும் பீட்டா கரோட்டினும் சிதைகின்றன, மணத்தைத் தரும் எண்ணெய்கள் பறந்துவிடுகின்றன. மிஞ்சுவது வைக்கோல் நிறச் சருகுதான். நம் பக்கத்து வீட்டமைப்பு இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நாள் முழுவதும் வெளிச்சம் இருக்கும், காற்று மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும், இலைமேல் வெயில் விழாது. ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எப்போதும் குளிர்ந்திருப்பதால் அதன்மேல் துணி விரித்துப் பரப்பினால் அடிப்பக்கத்து இலை வாடிக் கறுக்கும். கட்டிலின் மேலோ, மரச் சட்டத்தில் கட்டிய துணியின் மேலோ, ஓலைக் கொட்டான்களிலும் சுளகுகளிலும் மெல்லிய ஒரே அடுக்காகவோ பரப்ப வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மின்விசிறிக்கு அடியில் இதைச் செய்யலாம்.

கறிவேப்பிலையைக் காலையில், பனி ஈரம் போனபின், வெயில் ஏறுமுன் ஒடிக்க வேண்டும். நீரில் இரண்டு முறை அலசி, ஈர்க்கோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு நீரை முற்றிலும் வடித்த பின்னரே உருவிப் பரப்ப வேண்டும். மூன்று முதல் ஐந்து நாட்களில் கையில் நொறுங்கும் பதம் வரும். முருங்கைக்கீரையில் சிறு காம்புகளையும் களைந்துவிடுவது நல்லது. காம்பு இலையைவிட மெதுவாக உலர்வதால், பொடித்த பின் அந்தக் காம்பின் ஈரமே முழுப் பொடியையும் கட்டியாக்கும். புதினா, துளசி, வெந்தயக்கீரை மூன்றும் உலர்ந்த பின்னும் மணத்தைத் தக்கவைக்கின்றன. கொத்தமல்லித்தழையை உலர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை: நிறம் இருக்கும், மணம் இருக்காது. கற்பூரவள்ளியின் தடித்த இலை உலர்வதற்குள் பாதி அழுகிவிடும். ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் ஆண்டு முழுவதும் பச்சையாகக் கிடைக்கிற செடியை உலர்த்தத் தேவையும் இல்லை.

உலர்ந்த இலையை முழுதாகவே சேமித்து, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிப்பதே முறை. பொடித்தவுடன் காற்றுப் படும் பரப்பு பல மடங்காகி மணம் விரைவில் போய்விடும்.

அரைவேக்காடு வேண்டிய காய்கள்

சீனி அவரைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய் ஆகிய மூன்றும் உலர்த்துவதற்கு முன்னர் ஒரு கொதி காண வேண்டியவை. பச்சையாக உலர்த்தினால் காய்க்குள் உள்ள நொதிகள் உலர்ந்த பிறகும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். கொதிநீர் அவற்றை அடக்கிவிடும், தோலையும் தளர்த்தி நீர் வெளியேற வழி செய்யும்.

சீனி அவரைக்காயில் பிஞ்சாக இருப்பவற்றையே எடுக்க வேண்டும். முற்றிய காயின் நார் உலர்ந்தபின் எண்ணெயில் பொரித்தாலும் மெல்ல முடியாது. ஒரு கிலோ காய்க்கு இரண்டு லிட்டர் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இரண்டு கைப்பிடி கல்லுப்பும் சிறிது மஞ்சள்தூளும் போட்டு, காம்பு கிள்ளிய காயை முழுதாகவே இட்டு மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். நிறம் பளிச்சென்று மாறி, நகத்தால் அழுத்தினால் பதிந்தும் நடுவில் உறுதி தெரிய வேண்டும், அதுவே பதம். முழுதாக வெந்துவிட்டால் துணியில் ஒட்டிக்கொண்டு கிழியும்.

கத்தரிக்காயை நான்காகவோ ஆறாகவோ நீளவாக்கில் அரிந்தவுடன் உப்பு நீரில் போட வேண்டும். வெளியே வைத்தால் கறுத்துவிடும். கொதிக்கும் நீரில் உப்பு, மஞ்சளுடன் கொஞ்சம் புளிக்கரைசலும் சேர்த்தால் வற்றலின் நிறம் மங்காது, குழம்பில் போடும்போதும் கரையாது. புழு துளைத்த காயில் நல்ல பாதியை மட்டும் வெட்டிச் சேர்க்கும் சிக்கனம் இங்கே உதவாது. வெண்டைக்காய்க்குக் கொதிநீர் ஆகாது, வழவழப்பு கூடிவிடும். அரிந்து, உப்பிட்ட மோரில் ஓர் இரவு வைத்து உலர்த்துவதே அதற்குப் பொருத்தம்.

பரப்பும்போது ஒன்றோடொன்று தொடாமல் வைத்து, முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். கெடுவது என்றால் பெரும்பாலும் முதல் நாளில்தான் கெடும். அன்று மாலைக்குள் மேல்பரப்பு ஈரமில்லாமல் சுருங்கத் தொடங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மோரில் ஊறுபவை

மோர் மிளகாய், சுண்டைக்காய், மிளகுதக்காளி மூன்றும் ஒரே முறையைச் சேர்ந்தவை: நன்றாகப் புளித்த மோரில் உப்பிட்டு ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலும் மாற்றி மாற்றி வைப்பது. புளிப்பும் உப்பும் சேர்ந்து கெடுக்கும் நுண்ணுயிர்களை அடக்கிவைப்பதால்தான் ஈரமான காய் பல நாட்கள் அழுகாமல் நிற்கிறது. அதனால் மோர் புளிக்காமலிருந்தாலோ உப்பு குறைந்தாலோ முறையே பொய்த்துவிடும். இனிப்பு மாறாத தயிரைக் கடைந்து அன்றைக்கே மிளகாயைப் போடக் கூடாது. மோரை ஒரு நாள் வெளியே வைத்துப் புளிக்கவிட வேண்டும்.

ஒரு கிலோ குண்டு அல்லது நடுத்தர நீளமுள்ள பச்சைமிளகாய்க்கு ஒன்றேகால் லிட்டர் கெட்டியான புளித்த மோரும் 125 கிராம் கல்லுப்பும் சரியாக இருக்கும். காம்பைப் பறிக்காமல் நுனியில் சிறு கீறல் இட வேண்டும். காம்பு போனால் அந்த வாய் வழியே விதை முழுவதும் கொட்டிப்போகும். மிளகாய் மோரில் முழுகியிருக்கும்படி சிறு தட்டை மேலே கவிழ்த்து இரண்டு முழு நாட்கள் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை வடித்து வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் மோரில் போட வேண்டும். மோர் ஒட்ட வற்றும்வரை இப்படியே செய்து, பின்னர் மிளகாய் வெளுத்து, ஆட்டினால் விதை சலசலக்கும்வரை உலர்த்த வேண்டும். மோரின்மேல் வெண்மையான மெல்லிய ஆடை படர்ந்தால் அதை நீக்கி, உப்புச் சேர்த்துத் தொடரலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என நிறம் தோன்றினால் மிளகாயோடு சேர்த்துக் கொட்டிவிடுவதே நியாயம்.

சுண்டைக்காயை அம்மியிலோ உரலிலோ லேசாகத் தட்டி வாய் பிளக்கச் செய்து, நீரில் அலசி விதைகளை முடிந்தவரை நீக்கினால் கசப்பு கட்டுக்குள் இருக்கும். மிளகுதக்காளியில் நன்றாக முற்றிய பச்சைக் காய்களை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சும் பழமும் வற்றலுக்கு ஆகா, பச்சைக் காயை அப்படியே வாயில் போடுவதும் கூடாது.

மாங்காயும் பழங்களும்

செட்டிநாட்டுச் சமையலில், அரிசி கழுவிய நீரில் வைக்கும் மண்டிக்கும் குழம்புக்கும் மாவற்றல் எவ்வளவு முக்கியம் என்பதை இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கல்லாமை போன்ற புளிப்புள்ள காயை, கொட்டை கெட்டிப்பட்டு உள்ளே மஞ்சள் ஏறாத பதத்தில் பறித்து, தோலோடு விரல் தடிமனுக்கு அரிய வேண்டும். காய் எடையில் எட்டில் ஒரு பங்கு கல்லுப்பும் சிறிது மஞ்சளும் பிசறி ஜாடியில் ஓர் இரவு மூடிவைத்தால் மறுநாள் நீர்விட்டிருக்கும். துண்டுகளை மட்டும் வடித்து வெயிலில் வைத்து, மாலையில் அந்த நீரிலேயே போட்டுவர, நான்கைந்து நாட்களில் நீர் முழுவதையும் துண்டுகள் இழுத்துக்கொள்ளும். அதன்பின் தோல் போல வளைந்து, அழுத்தினால் ஈரம் கசியாத நிலைவரை காயவைக்க வேண்டும். மாவற்றல் ஒடிய வேண்டியதில்லை, அதில் உப்பே காவல். மண்டி வைக்கும் நாளில் இதை அரிசி கழுவிய இரண்டாம் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் மிகையான உப்பு இறங்கிவிடும்.

பழங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்தும், பப்பாளி, சப்போட்டாவை மெல்லிய வில்லைகளாக அரிந்தும், ஒரு கோப்பை நீரில் ஓர் எலுமிச்சையின் சாற்றைக் கலந்து அதில் நனைத்து எடுத்துப் பரப்பினால் நிறம் கறுப்பது குறையும். பழத்துக்குக் கத்திரி வெயில்தான் வேண்டும். மற்ற மாதங்களில் உலர்வதற்குள் புளித்துவிடும். ஈ மொய்ப்பதால் வலைத்துணி இல்லாமல் பழத்தை மாடிக்கே கொண்டுபோகக் கூடாது. பெருநெல்லியை ஆவியில் வைத்துச் சுளை பிரித்து, உப்பு அல்லது சர்க்கரை புரட்டி உலர்த்தலாம். இலந்தைப்பழத்தை வெல்லம், மிளகாய், உப்பு, பெருங்காயத்துடன் இடித்துத் தட்டி உலர்த்தும் இலந்தை வடை நம் பிள்ளைகளுக்கு மறந்துபோய் வருவது வருத்தத்துக்குரியது. காட்டில் வீணாகும் பழத்துக்கு அதைவிட நல்ல கதி கிடையாது.

நார்த்தங்காயும் எலுமிச்சையும் வெயிலைவிட உப்பை நம்பி நிற்பவை. காயைக் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் காயவைத்து, அடி விட்டுப்போகாமல் சுற்றுவட்டமாகவோ நான்காகவோ கீறி, காய் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத உப்பை உள்ளே திணித்து ஜாடியில் அடுக்க வேண்டும். தினமும் ஒருமுறை குலுக்கி, தோல் மிருதுவானபின், பகலில் வெயிலும் இரவில் ஜாடியுமாக மாற்றி வைத்து வற்றவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. நிறம் கறுத்துக்கொண்டே போவது இயல்பே. உப்பைப் போடுமுன் வெறும் வாணலியில் சற்று வறுத்துக்கொள்வது நல்ல பழக்கம். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை எளிதில் இழுப்பது. தூய உப்புகூட, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கசியத் தொடங்கும். ஐப்பசியில் உப்பு வற்றல்கள் நனைந்தது போல ஆவதன் காரணம் இதுவே.

மாலையில் செய்ய வேண்டியவை

நான்கு மணிக்கு மேல் வெயில் சாயத் தொடங்கியவுடன், வற்றல் இன்னும் சூடாக இருக்கும்போதே மாடியிலிருந்து இறக்கிவிட வேண்டும். தளம் குளிர்ந்தபின் எடுத்தால், பகலெல்லாம் இழந்த ஈரத்தில் ஒரு பகுதியைக் காய் திரும்பக் குடித்துவிடும். மார்கழி, தையில் பனி அதிகம் என்பதால் இன்னும் முன்னதாகவே எடுத்து, காலையிலும் ஒன்பது மணிக்குப் பிறகே பரப்ப வேண்டும். இறக்கிய வற்றலைக் குவிக்காமல், மூடி போட்ட டப்பாவில் அடைக்காமல், சுளகிலோ கடகத்திலோ பரவலாக வைத்து மேலே துணி மட்டும் மூடி, புகையோ ஈரமோ இல்லாத அறையில் வைக்க வேண்டும். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில், அடுப்பங்கரைக்கு அருகில் வைப்பவர்கள், சோறு வடிக்கும் நீராவி அங்கேதான் சூழ்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சித்திரை, வைகாசியில் மாலை நேரத்துக் கோடைமழை சொல்லாமல் வரும். பாதி காய்ந்த நிலையில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால், மோரிலும் உப்பு நீரிலும் ஊறும் வகைகளைத் திரும்ப அந்த நீரிலேயே போட்டுவைக்கலாம். அரைவேக்காட்டுக் காய்களை மின்விசிறிக்கு அடியில் பரப்பலாம், அல்லது குளிர்பெட்டியில் வைத்து வெயில் வந்ததும் தொடரலாம். தொட்டால் வழவழப்போ, புளித்த நாற்றமோ இருந்தால் வெயில் அதைத் திருத்தாது.

பதம் பார்த்தலும் மூடுதலும்

கையால் ஒடித்துப் பார்ப்பது நல்ல சோதனைதான்; ஆனால் சூடாக இருக்கும்போது எல்லாமே மிருதுவாகத் தோன்றும் என்பதால் ஆறிய பின்னரே ஒடித்துப் பார்க்க வேண்டும். சமையலறைத் தராசு இருப்பவர்களுக்கு எடையே நம்பகமான சாட்சி. ஒரு கிலோ கத்தரிக்காய், உப்போடு சேர்த்து 100 கிராம் அளவுக்கும், ஒரு கிலோ சீனி அவரைக்காய் 200 கிராமை ஒட்டியும் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு வெகுவாக மேலே நின்றால் இன்னும் ஒரு நாள் வெயில் பாக்கி.

கடைசி நாள் வெயிலிலிருந்து எடுத்த வற்றல் முழுமையாக ஆற இரண்டு மணி நேரமாவது ஆகும். சூட்டோடு மூடினால் உள்ளிருக்கும் ஆவி மூடியில் வியர்த்துச் சொட்டும். வாரக்கணக்கான உழைப்பு அந்தச் சில துளிகளில் போய்விடும். ஆறியதை உடனே பெரிய ஜாடிக்கு மாற்றாமல், கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பிப் பத்து நாள் வரை தினமும் குலுக்கிப் பார்ப்பது நல்லது. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் உலர்ந்திருக்காது. அதிகம் ஈரமுள்ளதிலிருந்து குறைவாக உள்ளதற்கு ஈரம் பரவி ஒரே நிலைக்கு வர இந்த நாட்கள் வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு பொட்டு நீர் தெரிந்தாலும் முழுவதையும் மறுபடி வெயிலில் போட்டுவிட வேண்டும். பழங்களுக்கு இது கட்டாயம்.

பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் போடுவது உண்டு. புதிதாக வரும் பூச்சியை அவை ஓரளவு தடுக்கலாம். உள்ளே ஏற்கெனவே இடப்பட்ட முட்டையை அவை ஒன்றும் செய்வதில்லை. காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக் குளிரில் குறைந்தது 48 மணி நேரம், வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியானால் நான்கு நாட்கள் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் மடியும். பையைத் திறக்குமுன் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த வற்றலின்மேல் காற்றின் ஈரம் படியும். பூசணம் கண்ட வற்றலை, குறிப்பாக மிளகாயை, துடைத்தோ வெயிலில் காட்டியோ பயன்படுத்தக் கூடாது. சில பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் முழுமையாக அழிவதில்லை, ஈரலைத் தாக்குவது.

ஜாடிகளைப் பற்றி ஒரு சொல். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் விற்கும் பெரிய பீங்கான் ஜாடிகள் அழகானவை. கூடத்தில் வைக்க அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் பழைய மெருகுப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. புளிப்பும் உப்பும் அந்த ஈயத்தைக் கரைத்து எடுக்கும். மயிரிழைக் கீறல் விழுந்த பூச்சுக்குள் பூசணமும் தங்கும். உலர்ந்த வற்றலைப் பாட்டிலோடு அதற்குள் வைக்கலாம். ஊறுகாயையும் உப்பு நார்த்தங்காயையும் கண்ணாடியிலோ, உணவுக்கென்றே செய்த புதிய பீங்கானிலோ போடுவதே பாதுகாப்பு. பச்சைப் பூண்டையோ பச்சை இலைகளையோ எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே சேமிப்பதையும் தவிர்க்க வேண்டும். காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த ஈரத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு உண்டாகக்கூடும். எலுமிச்சை, புளி, வினிகர் சேர்ந்து புளிப்பேறிய ஊறுகாய்க்கு அந்த ஆபத்து இல்லை.

ஒவ்வொரு பாட்டிலிலும் பெயரையும் போட்ட மாதத்தையும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன் கிடைக்கும் நல்ல வெயிலில், இலைகள் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு முழுப் பகல் மறுபடி காட்டி, ஆறவைத்து, காய்ந்த பாட்டில்களில் திரும்ப அடைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் பெரிய பாட்டிலை அடிக்கடி திறக்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுக்கும் கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பொரிக்கும்போது நல்லெண்ணெயை மிதமான சூட்டில் வைத்து, சுண்டைக்காயையும் மிளகுதக்காளியையும் கடைசியில் போட்டு உடனே எடுத்துவிட வேண்டும். சிறிய வற்றல்கள் கண் இமைக்கும் நேரத்தில் கருகிவிடும்.